கொண்டையில் சிவப்புப் பென்சில்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து, "இந்த எழுத்துக்கு மேல புள்ளி கோணலா விழுந்திருக்குது பாரு கண்ணு" என்பார். எனக்கு இந்த வயதில் அது தேவையில்லை. அக்கா என்றே சொல்கிறேன். ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இருந்த எட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் அவர் அக்காதான்.

மற்ற பெண்கள் கொண்டையில் பூ வைப்பார்கள். அக்கா சிவப்புப் பென்சில் வைப்பார். விசேஷ நாட்களில் பூவும் இருக்கும், பக்கத்திலேயே பென்சிலும் இருக்கும். தலைக்குக் குளிக்கும்போதாவது அதை எடுப்பாரா என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்திருக்கிறது.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. வேலம்பாளையம் போகிற சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை. மிஷினிலிருந்து இறங்கிய துணி, சலவைக்குப் போகுமுன் அவர் மேசைக்கு வரும். குழாய் போல இருக்கும் அந்தத் துணிக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். எங்காவது ஒரு கண்ணி விட்டிருந்தால் பென்சில் இறங்கும். ஓட்டையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அடுத்த மேசைக்காரர் வட்டத்தைப் பார்த்து ஓட்டையை அடைப்பார். பிறகு துணி சலவைக்குப் போகும். வட்டம் கரைந்து, துணி வெள்ளை வெளேரென்று திரும்பி வரும். இந்தச் சலவை விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதனால்தான் வம்பே வந்தது.

செக்கிங் வேலை சாயங்காலம் முடிந்துவிடும். அக்காவின் கண்ணுக்கு மட்டும் லீவு கிடையாது. எங்கள் லைனில் ஒரு கல்யாணம். தாலி கட்டப் போகிற நேரம். மேளக்காரர் வேகத்தைக் கூட்டிவிட்டார், எல்லாரும் அட்சதையை எடுத்துவிட்டார்கள். அப்போது அக்கா எழுந்து நின்று, "ஒரு நிமிசமுங்க" என்றார். மாப்பிள்ளையின் சட்டையில் தோளோரம் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த ஊசி நூலோடு மணமேடை ஏறி, அக்கினிக்கு முன்னால் குனிந்து நின்று அதைத் தைத்துவிட்டுத்தான் இறங்கினார். "இப்பக் கட்டுங்க" என்றார். அந்த மாப்பிள்ளை பின்னாளில் பெரிய முதலாளியாகி நாலு கம்பெனி வைத்தார். அப்போதும் அக்காவைத் தெருவில் பார்த்தால் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் வீட்டு முருகன் காலண்டரையும் அவர் விடவில்லை. மயிலுக்கு ஒரு காலில் நாலு விரலும் இன்னொரு காலில் மூன்று விரலும் இருந்தன. ஒரு வருஷமாக நாங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த படம். அக்கா உப்பு வாங்க வந்தவர், வந்த வேகத்தில் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்புள்ள, சாமி படத்துலயுமா குத்தம் பாப்ப?"

"சாமியில என்னுங்கக்கா குத்தம்? வரைஞ்சவருகிட்டத்தான் குத்தம். சாமிக்கே தெரிஞ்சிருக்கும். நாமளும் தெரிஞ்சுட்டுக் கும்புட்டா அவருக்கு நிம்மதிதானுங்க" என்றார் அக்கா, உப்பை வாங்கிக்கொண்டே.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலண்டர் முன்னால் நின்று விரல்களை எண்ணிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

இப்படிப்பட்டவரைக் கண்டால் பெரியவர்கள் சற்று ஒதுங்கித்தான் போவார்கள். ஆனால் பிள்ளைகளாகிய எங்களுக்கு அவரிடம் ஒரு துளி பயம் கிடையாது. ஏனென்றால் பிள்ளைகளிடத்தில் அவர் குற்றமே பார்க்கமாட்டார். மூக்கு ஒழுகினால் துடைப்பார், டிராயர் கிழிந்திருந்தால் தைப்பார், ஆனால் வாய் திறந்து ஒரு சொல் சொல்லமாட்டார். என் அப்பா ஒருமுறை என் கணக்குப் பரீட்சைத் தாளை அவரிடம் நீட்டி, "நீங்களே பாருங்க, எத்தனை வட்டம் போடலாமுன்னு" என்று மாட்டிவிட்டார். அக்கா தாளை வாங்கவே இல்லை. "புள்ளைங்க இன்னும் மிஷின்ல ஓடற துணிங்க. எறங்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார். அன்றிலிருந்து நான் அவருடைய ஆள்.

அக்காவுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர்களைத் தூங்க வைக்க ஆரம்பித்ததுதான் எங்கள் கதை நேரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போய் வாரத்துக்கு ஒரு படப் புத்தகம் எடுத்து வருவார். அலமாரிக்குள் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் அந்தப் புத்தகங்களை எங்கள் லைனில் கேட்டு வாங்கத் துணிந்தவர் அவர் ஒருவர்தான். சாப்பாடு முடிந்ததும் அவர் வீட்டுக்குள் பாயை விரித்தால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவோம். நானும் என் தம்பியும் முதல் ஆட்கள். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து நிறையவில்லை. தூங்கிப்போன பிள்ளைகளை அப்பாக்கள் வந்து தூக்கிப் போவார்கள். மாற்றித் தூக்கிப் போனதும் உண்டு.

அவர் கதை படிக்கும் முறை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. புத்தகத்தை முதலில் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டி, முடிவு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். ஒருமுறை ஏதோ ஒரு ஆட்டுக்குட்டி கடைசிப் பக்கத்தில் செத்துப்போய், பிள்ளைகள் எல்லாம் அழுது, லைனே விழித்துக்கொண்டது. அதிலிருந்து இந்த ஏற்பாடு. பிறகு முதல் பக்கத்தை விரித்து, குண்டு பல்புக்கு நேராகப் பிடிப்பார். எழுத்தைப் படிக்கமாட்டார்.

"மொதல்ல கண்ணு பாக்கட்டும். காதுக்கு அப்பறம்" என்பார்.

நாங்கள் பார்ப்போம். மூலை முடுக்கெல்லாம் பார்ப்போம். மரத்தில் எத்தனை காய், நாய்க்கு எந்தக் காது மடங்கியிருக்கிறது, வானத்தில் போகிற பறவை போன பக்கத்தில் பார்த்த அதே பறவையா. குற்றமில்லாத துணிக்குச் செக்கிங் மேசையில் சொல்வது போல எல்லாரும் "பாஸ்" என்ற பிறகுதான் எழுத்துக்கு வருவார். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும். பதினான்கு பக்கப் புத்தகம் ஒரு வாரத்துக்குத் தாராளமாக வரும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததுதான் மழையைத் தேடிப் போன பையன் கதை. மழை எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்க்க ஒரு பையன் மலைக்குப் போகிறான். வழியில் கரடியைப் பார்க்கிறான், காக்கையைப் பார்க்கிறான், உச்சியில் மேகத்தைத் தொட்டுவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு மழையோடு வீடு திரும்புகிறான். மூன்றாம் நாள் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தோம். பையன் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்தான். நாங்கள் பாறையை எண்ணிவிட்டு, கரடியின் நகங்களை எண்ணிவிட்டு, "பாஸ்" சொல்லத் தயாராக இருந்தோம்.

தம்பி மட்டும் படத்தில் விரலை வைத்தான். "அக்கா, இவன் பனியன் மாறிப் போச்சு."

எட்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். பையன் போட்டிருந்தது கை வைத்த பனியன். ஒன்பதில் கையில்லாத பனியன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, எல்லாவற்றிலும் கையில்லாத பனியன். பதின்மூன்றில் வீட்டுக்குத் திரும்பும்போது மறுபடியும் கை வைத்த பனியன். அந்தப் புத்தகத்தை ஊர் ஊராக எத்தனையோ பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பனியனைச் சாப்பிட்டு, பனியனைக் குடித்து, பனியன் மேலேயே படுத்துத் தூங்குகிற ஊரில்தான் அது கண்ணில் பட்டது.

அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பியைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "நான் ஏழு வருசமாச் செக்கிங் பண்றேன். எனக்கே தப்பிப் போச்சு கண்ணு. நீ புடிச்சுட்ட பாரு!" என்று அவன் தலையைத் தடவினார். அப்புறம் எங்களைப் பார்த்து, "செரி, மலைக்குப் போறதுக்குள்ள அந்த ரெண்டு கையும் எங்க போயிருக்கும்? சொல்லுங்க பாக்கலாம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அதுதான் கதை. முள்ளில் மாட்டிக் கிழிந்ததாக நான் சொன்னேன். கரடி மூக்குச் சிந்தக் கேட்டு வாங்கிக்கொண்டதாக அக்காவின் மூத்த மகள் சொன்னாள். தம்பிதான் நல்லதாகச் சொன்னான். காக்கைக் குஞ்சுகளுக்குக் குளிர்ந்தது. பையனே இரண்டு கையையும் கழற்றிக் கூட்டில் போர்த்திவிட்டான்.

"அப்பறம் ஊட்டுக்கு வந்தப்பக் கை எப்படி வந்துச்சு?" என்று நான் மடக்கினேன்.

"தெச்சுக் குடுத்துட்டாங்க" என்றான், இதுகூடத் தெரியாதா என்பது போல. அவன் பார்த்த உலகத்தில் எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் தைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அக்காவோடு நானும் தம்பியும் போனோம். நூலகர் தென்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒல்லி மனிதர். புத்தகங்களைத் தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்பவர்.

அக்கா புத்தகத்தை மேசைமேல் வைத்து, பெருமையாக விரித்தார். "சார், நாலு பக்கத்துல டேமேஜுங்க. பாருங்க, மார்க் பண்ணிக் கொண்டாந்திருக்கறேன்."

ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. நான்கு பக்கத்திலும் பையனின் தோளைச் சுற்றி அழுத்தமாக ஒரு சிவப்பு வட்டம். ஏழு வருஷமாக அக்கா போட்ட வட்டமெல்லாம் சலவையில் போய்விட்டது. புத்தகத்துக்குச் சலவை இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

நூலகர் முகம் சுருங்கிவிட்டது. ரப்பரை எடுத்து ஒரு வட்டத்தைத் தேய்த்தார். அது பரவி, பையனின் தோள் முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. "என்னம்மா இது? புதுப் புத்தகத்தில போய்க் கிறுக்கி வச்சிருக்கீங்களே!"

"கிறுக்கலுங்களா? குத்தத்தைக் காட்டியிருக்கறனுங்க சார்."

"அச்சடிச்சு வந்த புத்தகத்தில குத்தம் கண்டுபிடிக்க நீங்க யாரும்மா? உங்க கார்டை இங்க வையுங்க. உங்க லைன் பிள்ளைங்க யாருக்கும் இனிமே படப் புத்தகம் கிடையாது. நான் மேல பதில் சொல்லணும்."

அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா புத்தகத்தை மெல்ல மூடினார். பிறகு நிதானமாகச் சொன்னார். "வட்டம் போட்டது என்ர குத்தமுங்க. ஒத்துக்கறேன். பனியன் மாறுனது அவங்க குத்தம். ரெண்டும் ரெண்டு. இதை அச்சடிச்ச மெட்ராசுக்கே எழுதி, குத்தமில்லாத புத்தகம் ஒன்னு வாங்கியாந்து இங்க வெக்கறேன்."

நூலகர் சிரித்துவிட்டார். "மெட்ராஸ்காரங்க உங்களுக்குப் பதில் போடுவாங்களாக்கும்! அப்படி ஒரு புத்தகம் வந்திச்சுன்னா, இந்த அலமாரிச் சாவியை உங்க கையிலேயே கொடுத்திடுதேன்."

மற்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் அதை மன்னிக்க மனசு வரவில்லை, மன்னிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று சாயங்காலமே அஞ்சலட்டை எழுதினோம். அக்காவுக்குப் படிக்க நன்றாக வரும், எழுத்து மட்டும் கைக்கு ஒத்துழைக்காது. அவர் சொல்ல நான் எழுதினேன். கம்பெனியில் கேட்டுப் பழகிய தோரணையில் அவர் சொன்னார்: "ஐயா, தங்கள் சரக்கு வந்து சேர்ந்தது. பார்த்ததில் பக்கம் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு பீஸ் டேமேஜ். பனியன் மாறியுள்ளது. உடன் மாற்று அனுப்பவும்." எனக்கு அது மிகக் கம்பீரமான கடிதமாகப் பட்டது. ஒரு மாதம் ஆயிற்று. பதில் இல்லை.

புத்தகம் இல்லாமலும் பாய் விரித்தோம். மழையைத் தேடிப் போன பையன் கதையைப் பக்கத்துக்கு ஒருவராக மனப்பாடமாகச் சொன்னோம். "கரடிக்கு எந்தக் கையில நகம் ஒடஞ்சிருந்துச்சு?" என்று அக்கா கேட்பார். எல்லாருக்கும் தெரியும். தம்பி மட்டும் வாயே திறக்கவில்லை. முதலில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் சோற்றில் கல் இருந்திருக்கிறது. கடக் என்று எனக்கே கேட்டது. அவன் துப்பாமல் விழுங்கிவிட்டான்.

"ஏன்டா சொல்லல?" என்று அம்மா பதறினார்.

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குத்தம் சொன்னாப் புத்தகம் போயிரும்."

அம்மா இதை அக்காவிடம் சும்மா சிரித்தபடிதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். நூலகத்தில் எல்லாரும் சிரித்தபோதுகூடக் கலங்காதவர். "நூலகக் கார்டை உடுங்க. என்னையச் சிரிச்சாங்க, அதையும் உடுங்க. கண்ணால பாத்ததைச் சொன்னதுக்கு ஒரு கொழந்தை பயப்படறதாங்க? இதை இப்படியே உட்டா இவன் பெரியவனானாலும் வாயத் தொறக்க மாட்டான்" என்றார்.

மறுநாள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு ஒரு கைப்பிடி வேஸ்ட் துணி வாங்கி வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் பவர் மிஷினில் உட்காரும் டெய்லர். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். அவர் அதில் இரண்டு பனியன் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒன்று கை வைத்தது, ஒன்று கையில்லாதது. கழுத்துப் பட்டி, ஓரத் தையல் எல்லாம் கச்சிதம். ஒன்றில் "பக்கம் எட்டு" என்றும் இன்னொன்றில் "பக்கம் ஒன்பது" என்றும் சீட்டு எழுதிக் குத்தினோம். சரக்குக்குச் சாம்பிள் அனுப்பாமல் கடிதம் மட்டும் போட்டால் யார் மதிப்பார்கள் என்பது அக்காவின் கட்சி.

கூடவே நீளமாக ஒரு கடிதம். இந்த முறை டேமேஜ், சரக்கு எல்லாம் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார். பார்த்தது நான்கரை வயதுப் பிள்ளை என்பதையும், இப்போது அவன் கல்லைக்கூட விழுங்கிவிடுகிறான் என்பதையும் எழுதச் சொன்னார். அவர் எதிரே பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த நான், அவரைக் கேட்காமலே கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "இதை எழுதச் சொல்பவர் எங்கள் அக்கா. கொண்டையில் இடது பக்கம் சிவப்புப் பென்சில் செருகியிருப்பார். பொய் சொல்லமாட்டார்."

இருபது நாளில் பதில் வந்தது. தபால்காரரே படித்துச் சொல்லவா என்று கேட்கிற அளவுக்குத் தடித்த உறை. எழுதியிருந்தவர் அந்தப் படங்களை வரைந்த ஓவியரே.

நாங்கள் முதலில் போட்ட அஞ்சலட்டையை, ஏதோ பனியன் கடைக்குப் போக வேண்டியது வழி தவறி வந்துவிட்டது என்று பதிப்பகத்தில் ஓரமாக வைத்துவிட்டார்களாம். இரண்டு குட்டிப் பனியன்களும் வந்த பிறகுதான் விஷயம் அவர் மேசைக்கு வந்ததாம். "குற்றம் என்னுடையதுதான் அம்மா" என்று எழுதியிருந்தார். "அந்த நான்கு பக்கங்களையும் சித்திரை வெயிலில் வரைந்தேன். மலையேறும் பையனின் தோள் எப்படி இருக்கும் என்று நிலைக்கண்ணாடியில் என் தோளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நான் அப்போது உட்கார்ந்திருந்தது கையில்லாத பனியனோடு. புத்தகம் மறுபடி அச்சாகப் போகிறது. எல்லாப் பக்கத்திலும் கை வைத்துவிடட்டுமா, எடுத்துவிடட்டுமா? உங்கள் பிள்ளைகளைக் கேட்டு எழுதுங்கள். முக்கியமாக, அதைப் பார்த்த பிள்ளையைக் கேளுங்கள்."

அக்கா கடைசி வரியை இரண்டு முறை படித்தார். பிறகு தம்பியைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டி மேல் நிற்க வைத்தார். லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"மெட்ராசுல இருந்து உன்னையக் கேக்கறாங்க சாமி. என்ன செய்யட்டும்? சொல்லு."

தம்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். சொன்னால் எது போகுமோ என்று அவன் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை.

"கை வெக்க வேண்டாம்" என்றான். அப்புறம் தொண்டை திறந்துவிட்டது. "காக்காக் கூட்டுல கையைப் போடச் சொல்லு! குஞ்சுக்குக் குளுருதுன்னு சொல்லு! ஊட்டுக்கு வந்தப்பறம் தெச்சுக் குடுக்கோணும்! அதையும் வரையோணும்!"

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கை தட்டினார். என் அப்பா, யாரையும் எளிதில் மெச்சாதவர், "மெட்ராஸ்காரனுக்கே உத்தரவு போடறான்டா" என்று சத்தமாகச் சிரித்தார். நான் அவன் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரு சொல் மாற்றவில்லை.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் பார்சல் வந்தது. இரண்டு புத்தகங்கள். ஒன்றில் "நூலகத்துக்கு" என்றும், ஒன்றில் "பார்த்த கண்களுக்கு" என்றும் எழுதியிருந்தது. நாங்கள் விரித்துப் பார்க்கத் துடித்தோம். அக்கா கட்டைப் பிரித்து அட்டையில் எழுதியிருந்ததைப் படித்ததோடு சரி, உள்ளே விரிக்க விடவில்லை. "ஞாயித்துக்கெழமை, நூலகத்துல வெச்சுத்தான். எங்க சிரிச்சாங்களோ அங்கதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனது ஏறக்குறைய ஊர்வலம். அக்கா முன்னால். அவர் இடுப்பில் தம்பி. பின்னால் நாங்கள் பதினோரு பிள்ளைகள், எல்லாரும் தலைவாரிப் பொட்டு வைத்து. அதற்குப் பின்னால் என் அம்மா, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில். அக்காவின் வீட்டுக்காரர்கூட வந்தார். அந்த வாரத்து நாலு வார்த்தையையும் அங்கே பேசுவதற்காக மிச்சம் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா புத்தகத்தையும் கடிதத்தையும் மேசைமேல் வைத்தார். நூலகர் கடிதத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். படித்துவிட்டு எழுந்து நின்றார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் சொன்ன சொல் தவறவில்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து, எல்லார் முன்னாலும் அக்காவின் பக்கமாக நகர்த்தி வைத்தார். "நான் அன்னைக்கு அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க சார். எனக்கு எதுக்கு? அலமாரி தொறந்திருந்தாப் போதும். புள்ளைங்க கை பட்டா ஒன்னும் கெட்டுப் போகாதுங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

அக்காவின் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "தையல் நான் போட்டதுங்க" என்றார். சாம்பிள் பனியனைச் சொல்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் நூலகர் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

அலமாரிக் கதவு கிறீச்சென்று திறந்தது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் போட்ட கூச்சலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் அக்கா கையை உயர்த்தினார். இன்னும் செக்கிங் முடியவில்லையே.

மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைக் கடைசியிலிருந்து முன்னால் ஒருமுறை புரட்டினார். பிறகு முன்னாலிருந்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். எட்டாம் பக்கம், கை வைத்த பனியன். ஒன்பதாம் பக்கத்தின் மூலையில் ஒரு மரம், மரத்தில் ஒரு கூடு, கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள், அவற்றின் மேல் வெள்ளையாக இரண்டு பனியன் கைகள்.

"என்ர காக்கா!" என்று தம்பி கத்தினான். நூலகத்தில் கத்தக் கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்று கத்தினான். நூலகரும் படத்தை எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு வரைக்கும் கையில்லாத பனியன், ஒழுங்காக. பதின்மூன்றாம் பக்கம். பையன் வீட்டுக்கு வந்து நிற்கிறான். அவன் முன்னால் ஒரு பெண் முழங்காலிட்டு அவன் தோளில் புதுக் கையை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில்.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அக்கா அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தபடியே இருந்தார். கண்ணருகே கொண்டு போனார், தள்ளிப் பிடித்தார். அவர் விரல் மெல்ல நகர்ந்து அந்தக் கொண்டையில் நின்றது.

"பென்சில் எடப்பக்கம் இருக்குது. நான் வலப்பக்கந்தான் சொருகுவேன்" என்றார்.

கடிதத்தில் நான் சேர்த்த கடைசி வரி ஞாபகம் வந்தது. எதிரே உட்கார்ந்து எழுதினால் அவருடைய வலது எனக்கு இடது என்று அந்த நொடியில்தான் உறைத்தது. அத்தனை பேர் உழைத்துக் குற்றமில்லாமல் வந்து சேர்ந்த புத்தகத்தில், கடைசிக் குற்றம் என்னுடையது. அக்காவின் கை கொண்டைக்குப் போனது. பென்சில் வெளியே வந்தது.

நூலகர் ஒரு அடி முன்னால் வந்தார். "போடுங்கம்மா. தாராளமா வட்டம் போடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அக்கா பென்சிலைப் பிடித்தபடி, புத்தகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கியபோது, பென்சில் அவர் கொண்டைக்குள் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கமாக.

"போகட்டும் சார். இது பாஸ்" என்றார்.